முதுகு வில்லாகும்போது: கொடுபடாத சிட்டையில் இருந்த ஒரு சொல்

கதிரவெளியில் அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்கு நான் போனது வேறு ஒரு விடயத்துக்காக. காணி உறுதி தொலைத்தவர்களைப் பற்றி எழுத விபரம் சேகரித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். இடம்பெயர்ந்து பழகிய எல்லா வீடுகளிலும் இப்படி ஒரு பை இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி. ஓடும்போது முதலில் கையில் எடுப்பது அதைத்தான். 1990இல் ஓடினார்கள். 2004இல் கடல் வந்தபோது ஓடினார்கள். 2006இல் மறுபடியும் ஓடினார்கள். பை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

காணிக் கடதாசி அதில் இருக்கவில்லை. நாலாக மடித்த, மஞ்சளாகிப்போன ஒரு சிட்டை இருந்தது. ஒரு சிறிய வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்பும் மாற்றல் சிட்டை. 1991ஆம் ஆண்டுத் திகதி. ஆங்கிலக் கையெழுத்தில் நாலைந்து வரி.

"இதுல என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லு மனே. ஆரிட்டயும் கேக்கல்ல."

சிட்டை அவருடைய கணவரைப் பற்றியது. போர் மீண்டும் தொடங்கி, ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்து, விழுந்து கிடந்த கூரைத் தகரத்தைப் பொறுக்கும்போது காலில் ஆழமாகக் கிழித்திருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டு, சுண்ணாம்பு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டார். காயம் ஆறிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்றார். பல்வலி என்று நினைத்தார்கள். அடுத்த நாள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பச் சிட்டை எழுதினார்கள். அன்றைக்குப் பாதை இல்லை. அடுத்த நாளும் இல்லை. சிட்டை யாரிடமும் கொடுக்கப்படவில்லை. அவர் அங்கேயே இறந்துபோனார்.

"முதுகு வில்லுப்போல வளைஞ்சி, தலையும் குதிக்காலும்தான் பாயில முட்டின. கதவு அடிச்சாலும் துடிப்பார். ஆனா அறிவு இருந்த மனே. என்னையே பாத்துக் கண்ணீர் விட்ட."

கணவரின் வீட்டார் அதைச் செய்வினை என்றார்கள். சிலர் இவருடைய காலப்பலன் என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பேச்சோடுதான் அவர் இருந்திருக்கிறார்.

நான் படித்தது ஊடகக் கற்கை. வைத்தியமல்ல. சிட்டையில் இருந்த இரண்டு சொற்களில் ஒன்று எனக்குத் தெரிந்தது: டெட்டனஸ். நம் ஊரில் ஏற்புவலி. மற்றதை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்க வேண்டியிருந்தது: ஒபிஸ்தொட்டோனஸ். அந்த ஒரு சொல்லைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அது கிரேக்கச் சொல். 'ஒபிஸ்தென்' என்றால் பின்னால். 'டோனோஸ்' என்றால் இழுப்பு, விறைப்பு. பின்னோக்கி இழுத்து வளைதல் என்பது நேர்ப்பொருள். டெட்டனஸ் என்ற சொல்லும் 'இழு, நீட்டு' என்ற அதே வேரிலிருந்து வந்ததே. சமஸ்கிருதத்தில் அந்த வேருக்கு உறவான 'தன்' என்ற வேர் இருக்கிறது. நாம் வீணைக்குக் கட்டும் தந்தி அந்த வழியில் வந்த சொல். இழுத்துக் கட்டிய நரம்பு. ஒரு மனித உடல் தந்தியாகிப்போவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கிரேக்கர் இந்த வளைவுகளைத் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். பின்னோக்கி வளைந்தால் ஒரு பெயர், முன்னோக்கி வளைந்தால் இன்னொரு பெயர், வளையாமல் நேராக விறைத்தால் மூன்றாவது பெயர். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் இந்த நோயாளி நாலு நாளைத் தாண்டினால் பிழைக்கக்கூடும் என்ற கணக்கு இருக்கிறது. தத்துவஞானி பிளேட்டோ கூட ஒரு நூலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். கப்படோசியாவைச் சேர்ந்த அரேட்டேயஸ் என்ற பழைய வைத்தியர் எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம் வந்தது. இந்த நோயாளியின் முன்னால் வைத்தியன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, கூடவே வருந்தத்தான் முடியும், அதுவே வைத்தியனுடைய பெரிய துயரம் என்கிறார் அவர்.

நம் பக்கத்திலும் இதே கணக்கு இருந்தது. சுஸ்ருத சங்கிதையில் 'தனுஸ்தம்பம்' என்று ஒரு நோய் வருகிறது. தனுசு என்றால் வில், வில்லாக விறைத்துப்போதல். அதிலும் உள்நோக்கி வளைவது ஒன்று, வெளிப்புறமாக, அதாவது முதுகுப் பக்கமாக வளைவது இன்னொன்று என்று பிரித்து, பின்னோக்கி வளைவது தீராதது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வில்தான் தமிழில் தனுர்வாதம், தனுர்வாயு, வில்வாத சன்னி என்ற பெயர்களில் நிற்கிறது. தமிழ்நாட்டுச் சுகாதார அறிவிப்புகளில் 'ரண ஜன்னி' என்று எழுதுகிறார்கள். அது வளைவை விட்டுவிட்டுக் காயத்தைப் பிடித்த பெயர். இலங்கையில் நமக்கு ஏற்புவலி. ஊசிக்குப் பெயர் ஏற்பூசி. சிங்களத்தில் இதை 'பிட்டகெஸ்ம' என்கிறார்கள். 'பிட்ட' என்றால் முதுகு, 'கெஸ்ம' என்றால் வெட்டியிழுத்தல். கிரேக்கச் சொல்லைப் பார்க்காமலே சிங்களக் கிராமத்தவர்கள் கிட்டத்தட்ட அதையே சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்த்த கண்கள் ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்றாகத்தான் வரும் போலும்.

இந்த இடத்தில் மானிப்பாயில் இருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியரை நினைக்காமல் போக முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 'இரண வைத்தியம்', 'பிரசவ வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று பாடநூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் இல்லையென்றால்தான் ஆங்கிலம் என்பது அவருடைய ஒழுங்கு. அது நின்றுபோகாமல் தொடர்ந்திருந்தால் 1991இல் அந்தச் சிட்டை எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வாசிக்க முடியாத ஒரு கடதாசியை ஒரு மனுசி முப்பது வருடம் காவியிருக்க வேண்டியதில்லை.

சரி, முதுகு ஏன் வளைகிறது? ஏன் முன்னுக்கு அல்லாமல் பின்னுக்கு?

இதற்குக் காரணமான கிருமி மண்ணில் இருக்கிறது. மாடு, குதிரை போன்றவற்றின் சாணத்திலும் இருக்கிறது. வித்து வடிவில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வெயிலும் உலர்வும் அதைக் கொல்லாது. காற்றுப்படாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வரும் என்று நாம் சொல்வது பாதிதான் சரி. துரு ஒன்றும் செய்வதில்லை. ஆணியோடு உள்ளே போகும் மண்தான் செய்கிறது. கருவேல முள், கெளிற்று முள், வேலிக் கம்பி, மண்வெட்டி, எறிகணைச் சிதறல் எதுவாகவும் இருக்கலாம்.

நஞ்சு நரம்பு வழியே மேலேறி முண்ணாணுக்குப் போகிறது. நம் தசைகள் ஒவ்வொன்றுக்கும் 'இழு' என்று ஒரு கட்டளையும், 'போதும், விடு' என்று ஒரு கட்டளையும் உண்டு. இந்த நஞ்சு 'விடு' என்ற கட்டளையை மட்டும் அடைத்துவிடுகிறது. பிறகு எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். தாடைத் தசை முதலில் பூட்டிக்கொள்வதால் வாய் திறக்காது. முகம் விறைத்துச் சிரிப்பதுபோல் தெரியும். பிறகு கழுத்து, வயிறு, முதுகு. மனிதன் நிமிர்ந்து நிற்கும் பிராணி. நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசைகள் வயிற்றுத் தசைகளைவிட மிகவும் வலுவானவை. இரண்டும் முழுப் பலத்தோடு இழுத்தால் முதுகுதான் வெல்லும். ஆகவே உடல் பின்னோக்கி வளையும். ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு தொடுகை போதும், அடுத்த இழுப்பு வரும். மூளையை அது தொடுவதில்லை. நோயாளிக்கு எல்லாம் தெரிந்துகொண்டேயிருக்கும். பெரியம்மா சொன்ன "அறிவு இருந்த" என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

காயம் பட்டு மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் இது தொடங்கும். பெரும்பாலும் எட்டாம் நாளை ஒட்டி. அதற்குள் காயம் ஆறிவிடும். காயத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வீட்டாருடைய கண்ணில் படாமல் போவதற்கும், இடைவெளியில் செய்வினை வந்து உட்கார்ந்துகொள்வதற்கும் இதுதான் காரணம்.

இந்தச் சொல்லின் சரித்திரம் போர்களோடு பின்னியது. 1809 ஜனவரியில் ஸ்பெயினில் கொருன்னா என்ற இடத்தில் பிரித்தானியப் படை பிரெஞ்சுப் படையோடு மோதியது. காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தபோது, சார்ல்ஸ் பெல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஹாஸ்லர் வைத்தியசாலைக்குப் போய் அவர்களைப் பார்த்தார், வரைந்தார். அவற்றிலிருந்து அவர் தீட்டிய ஓவியம் இன்றைக்கும் எடின்பரோவில் சத்திரசிகிச்சையாளர் கல்லூரியில் இருக்கிறது. தலையும் குதிக்காலும் மட்டும் படுக்கையில் முட்ட, வில்லாக எழும்பி நிற்கும் ஒரு படைவீரன். மருத்துவ மாணவர்கள் உலகமெங்கும் 'ஒபிஸ்தொட்டோனஸ்' என்ற சொல்லை அந்தப் படத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். பெரியம்மாவிடம் அதைத் தொலைபேசியில் காட்டலாமா வேண்டாமா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். காட்டவில்லை.

கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான கிட்டசாட்டோ, 1889இல். அடுத்த வருடமே அவரும் ஜேர்மனியரான பேரிங்கும் எதிர்நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது, உழுது எருப்போட்ட பிரெஞ்சு வயல்களில் பதுங்குகுழி வெட்டிய படைவீரர்களில் காயப்பட்ட ஆயிரம் பேருக்கு எட்டு ஒன்பது பேர் வரை ஏற்புவலியால் பிடிக்கப்பட்டார்கள். காயப்பட்ட எல்லோருக்கும் எதிர்நஞ்சு ஊசி என்று வந்ததும் சில மாதங்களில் அந்த எண்ணிக்கை சரிந்தது. 1920களில் தடுப்பூசி உருவானது. இரண்டாம் உலகப்போரில் முன்கூட்டியே ஊசி போட்டிருந்த அமெரிக்கப் படையில், காயங்களுக்காக 27 இலட்சத்துக்கு மேற்பட்ட அனுமதிகளில் ஏற்புவலி கண்டவர்கள் 12 பேர் மட்டுமே. போர் அதேபோலக் கொடுமையாகத்தான் இருந்தது. அந்த ஒரு சாவு மட்டும் அதிலிருந்து கழிந்துபோனது.

ஆனால் ஊசி படைவீரனுக்குத்தான் முதலில் போகிறது. தகரம் பொறுக்கப் போகும் குடியானவனுக்கு இல்லை.

இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி போடும் வழக்கம் 1969இல் தொடங்கியது. விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் வந்தது. தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் வெட்டி, சாணமோ சாம்பலோ வைத்ததால் பிறந்து ஒரு வாரத்தில் விறைத்து இறந்த குழந்தைகள் பல ஊர்களின் நினைவில் உண்டு. உலகம் முழுவதும் 1988இல் மட்டும் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. 2018இல் அது 25,000 அளவுக்குக் குறைந்தது. இலங்கையில் அது ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. குடும்பநல உத்தியோகத்தர்கள் சைக்கிளிலும் வள்ளத்திலும் போய்ச் சாதித்தது இது. போர்க்காலத்திலும் அவர்கள் நிறுத்தவில்லை.

இதைச் சொன்னபோது பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். "எனக்குப் புள்ளத்தாச்சியா இருக்கக்க மூணு தரம் ஊசி போட்ட. அவருக்கு ஆர் போட்ட?"

ஒருவரும் போடவில்லை. 1978க்கு முன் பிறந்த ஆண்கள் பலருக்கு ஒழுங்காக ஏற்பூசி கிடைத்ததே இல்லை. பெண்களுக்குப் பிள்ளைப்பேறு வழியாகவாவது கிடைத்தது. இன்றைக்கும் இந்த நோய் கண்டு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் ஆண்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல. ஆகவே ஊரெல்லாம் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவரை அது காப்பாற்றாது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வராது. ஊசி ஒன்றுதான் காவல். அதுவும் ஏறக்குறைய பத்து வருடத்தில் தளரும்.

கதிரவெளியில் இருந்துகொண்டு 2006 நவம்பர் 8ஐப் பேசாமல் இருக்க முடியாது. மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. 40க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 100க்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அதில் உயிர்தப்பிய பலருடைய உடம்பில் இன்றைக்கும் 'பீஸ்' இருக்கிறது. எடுக்க முடியாமல் விட்டவை, எடுக்க வேண்டாமென்று விட்டவை. அவர்களுக்கு இந்தப் பழைய சரித்திரத்தில் ஒரு சேதி உண்டு. முதலாம் உலகப்போரில், ஆறிப்போன பழைய காயத்தைப் பிறகு வெட்டித் துண்டுகளை எடுத்தபோது, உறங்கிக் கிடந்த வித்து விழித்து ஏற்புவலி வந்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் டேவிட் புரூஸ் தலைமையில் இருந்த பிரித்தானியக் குழு, பழைய போர்க்காயத்தில் கைவைக்கும் முன்னரும் ஊசி போட வேண்டும் என்றது. உங்கள் உடம்பில் சிதறல் இருந்து, அதை எடுக்கவோ அந்த இடத்தில் வேறு சத்திரசிகிச்சை செய்யவோ போகிறீர்கள் என்றால், கடைசியாக எப்போது ஏற்பூசி போட்டீர்கள் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

புதிய காயம் என்றால் முதலில் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும். சுண்ணாம்பு, கோப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அவை காற்றை அடைத்துக் கிருமிக்கு உதவி செய்கின்றன. அன்றைக்கே வைத்தியசாலை. காயம் சிறிது என்பதால் விட்டுவிடக் கூடாது, ஆழம்தான் கணக்கு.

வந்துவிட்டால் இன்றைக்கு நிலைமை 1991 போல இல்லை. எதிர்நஞ்சு, கிருமியெதிர் மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து, தேவையானால் செயற்கைச் சுவாசம். இதில் இலங்கைக்கு ஒரு பங்கு உண்டு. தீபால் ஆட்டிகல, நிலாம் ரொட்ரிகோ என்ற இரு இலங்கை வைத்தியர்கள், விலை மலிவான மக்னீசியம் சல்பேற்றைக் கொண்டு இழுப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். 2002இல் 40 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய ஆய்வு வெளிவந்தது. பின்னர் வியட்நாமில் 256 பேரிடம் செய்த பெரிய பரிசோதனையில், செயற்கைச் சுவாசத்தின் தேவையை அது குறைக்கவில்லை என்றாலும் மற்ற மருந்துகளின் தேவையைக் குறைத்தது என்று தெரிந்தது.

ஒரு விடயத்தையும் சேர்க்க வேண்டும். பின்னோக்கி வளையும் உடலெல்லாம் ஏற்புவலி அல்ல. நம் காடுகளில் நிற்கும் காஞ்சிரை மரத்து விதையின் நஞ்சு இதே வளைவைக் கொடுக்கும். அதுவும் அந்த 'விடு' கட்டளையைத்தான் குழப்புகிறது. மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தும் முதுகும் பின்னுக்கு இழுக்கும். போருக்குப் பின் நம் ஊர்களில் அதிகம் பார்த்தது இன்னொரு வகை. இழப்பைக் கண்ட பெண்களும் பிள்ளைகளும் திடீரென விழுந்து, முதுகை வளைத்து வெட்டியிழுப்பார்கள். பேய் என்பார்கள், நடிப்பு என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் ஷார்கோ என்ற வைத்தியர் இந்த வளைவுக்கு வேறு பெயர் வைத்துத் தனியாக விபரித்தார். இதில் தாடை பூட்டிக்கொள்வதில்லை. இழுப்பு விட்டதும் உடல் இளகிவிடும். ஏற்புவலியில் இரண்டு இழுப்புகளுக்கு இடையிலும் விறைப்பு இருந்துகொண்டேயிருக்கும். இது நடிப்பல்ல, பேயுமல்ல. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தது சும்மா அல்ல. இதற்கும் வைத்தியம் உண்டு. எது எது என்று பிரிக்க வேண்டியது வைத்தியர். வீட்டுக்காரர் அல்ல, சாத்திரக்காரரும் அல்ல.

இரண்டாம் முறை கதிரவெளிக்குப் போனபோது சிட்டையிலிருந்த நாலைந்து வரியையும் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெரியம்மாவின் மைத்துனர் ஒருவரும் இருந்தார், எழுபதைத் தாண்டியவர். உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வலது பாதத்தில் ஆழமான காயம், பதினொரு நாள். தாடை பூட்டிக்கொண்டது. உடல் பின்னோக்கி வளைந்திருக்கிறது. ஏற்புவலி. அவசரமாக அனுப்பவும்.

மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரியம்மாதான் பேசினார். "கேட்டயளா, தகரம் வெட்டினதுதான். மறுகா ஒண்டும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "இவருக்கும் ஊசி போட்டிருக்காது மனே. வாகரை ஆசுபத்திரியில எந்த நாள் போடுற எண்டு கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் எழுதிய தாளைச் சிட்டையோடு சேர்த்து மடித்து, பைக்குள் வைத்துக் கட்டினார்.